மெதுவான சாலைகளைத் தேடி: காவிரிப் படுகையில் சைக்கிள் வழி அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆளே இல்லாத சாலை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வரும்; ஊர் இருந்தால் டவுன் பஸ்ஸோ மினி பஸ்ஸோ வரும்; அவை வராத ஊருக்கும் பால் வண்டியும் பள்ளி வேனும் கட்டாயம் வரும். ஆகவே சைக்கிளில் ஐம்பது, நூறு கிலோமீட்டர் செல்ல நினைப்பவர் தேட வேண்டியது வண்டி வராத சாலையை அல்ல, வருகின்ற வண்டிகள் மெதுவாக வருகின்ற சாலையை. புதிதாகத் தார் போட்டு, நேராக, ஊர் குறுக்கிடாமல் நீளும் சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு கார்தான் வரும் என்றாலும் அது எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். வீட்டுத் திண்ணைகளையும் வைக்கோல் போர்களையும் ஒட்டி வளைந்து போகும் சாலையில் நிமிடத்துக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தாலும் அவை முப்பதைத் தாண்டுவதில்லை. இரண்டாவது சாலையே பாதுகாப்பானது என்பது என் முடிவு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த முடிவின் மேல்தான் நிற்கிறது.

எடுத்துக்காட்டாகத் திருவையாற்றைச் சுற்றியுள்ள பகுதியை எடுத்துக்கொள்கிறேன். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஆறுகள் கிழக்கு மேற்காக அடுத்தடுத்து ஓடும் நிலம் அது. மேடு பள்ளம் கிடையாது. ஆற்றங்கரைச் சாலைகளுக்கும் குறைவில்லை. அதே சமயம், வழி தேடுவதில் உள்ள சிக்கல்கள் எல்லாவற்றையும் அங்கே பார்க்கலாம்.

முதல் படி: பெரிய சாலைகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

அமைதியான சாலையைத் தேடும்போது வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரைச்சலான சாலைகளைத்தான். ஒரு கிராமச் சாலையில் வெளியூர் வண்டிகள் நுழைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு: அது யாருக்கோ நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. பக்கத்திலேயே அதே திசையில் அகலமான, நேரான சாலை ஒன்று இருந்தால், வளைந்து செல்லும் சாலையை அவ்வழி ஊர்க்காரர்களைத் தவிர வேறு எவரும் நாடமாட்டார்கள். எனவே இரட்டையாகத் தேடுங்கள். போக்குவரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பெரிய சாலை ஒன்று, அதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் குறுக்குவழியாகப் பயன்படாத சின்னச் சாலை ஒன்று.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, புறவழிச்சாலை வந்துவிட்டது என்பதாலேயே பழைய சாலை அமைதியாகிவிடாது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே நான்குவழிச் சாலை அமைந்த பின்னும், அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகச் செல்லும் பழைய சாலையில் பேருந்துகள் ஓடத்தான் செய்கின்றன; பயணிகள் அந்த ஊர்களில்தானே இறங்க வேண்டும்? இரண்டாவது, ஆற்றங்கரைச் சாலை எல்லாமே அமைதியானது என்று எண்ணிவிடக் கூடாது. காவிரியின் வடகரையில் திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலை கண்ணுக்கு அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முழுமையான பேருந்துச் சாலை.

களத்தில் இறங்கியபின் கிலோமீட்டர் கற்கள் துணை செய்யும். தலையில் மஞ்சள் வண்ணம் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. ஆரஞ்சுக் கற்களைத் தேடிப் போங்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலைகள் பல இந்த வகையில் சேரும்.

இரண்டாம் படி: அகலத்தை அளந்து பாருங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனெனில் ஒரு சாலையின் ஆபத்தை அதன் அகலமே பெருமளவு சொல்லிவிடுகிறது. நம் நாட்டில் ஒருவழித்தடச் சாலையின் தார்ப் பகுதிக்கு 3.75 மீட்டர், இடைநிலைச் சாலைக்கு 5.5 மீட்டர், இருவழித்தடச் சாலைக்கு 7 மீட்டர் என்று அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. வண்டி மிகக் குறைவாக ஓடும் கிராமச் சாலைகளை 3 மீட்டரிலும் போடுகிறார்கள்.

ஒரு பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். 3.75 மீட்டர் சாலையில் அது சைக்கிளைக் கடக்க வேண்டுமானால், ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும், அல்லது நாம் இறங்கி வழிவிட வேண்டும். இரண்டுமே மெதுவாக நடக்கும் காரியங்கள். முகம் பார்த்து, கை காட்டி முடிப்பவை. 7 மீட்டர் சாலையில், அதுவும் ஓரத்தில் தார் போட்ட கூடுதல் இடம் இருந்தால், பேருந்து ஒதுங்கிப் போவதற்கு வழி உண்டு. நடுவில் இருக்கும் 5.5 மீட்டர் சாலைதான் மோசமானது. எதிரே கார் வந்துகொண்டிருக்கும்போதே சைக்கிளையும் கடந்துவிடலாம் என்ற எண்ணத்தை அது ஓட்டுநருக்குத் தருகிறது. உண்மையில் அதற்குப் போதுமான இடத்தைத் தருவதில்லை. கிராமச் சாலையை அகலப்படுத்தினார்கள் என்று கேள்விப்பட்டால் ஊர் மகிழலாம். சைக்கிளில் செல்பவர் அந்த வழியை மறுபடி ஆராய வேண்டும்.

அகலத்தை வீட்டிலிருந்தே அளக்கலாம். கூகுள் எர்த்தின் செயற்கைக்கோள் படத்தில் உள்ள அளவுகோல் கருவியால் சாலையின் இரு விளிம்புகளையும் தொட்டால் ஓரளவு சரியான அளவு கிடைக்கும். மரநிழல் மூடிய இடங்களில் அளவு தெரியாது. ஆனால் இருபுறமும் புளியமரமோ தூங்குமூஞ்சி மரமோ கவிந்திருக்கிறது என்றால், அந்தச் சாலை இன்னும் அகலப்படுத்தப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெயில் காலத்தில் அந்த நிழலே வழியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

மூன்றாம் படி: பாலங்களைக் கொண்டு வழியைப் பின்னுங்கள்

ஆற்றுப் பகுதியில் சாலைகள் பல, பாலங்கள் சில. இருக்கும் சில பாலங்களில் சுற்றுவட்டாரத்து வண்டிகள் அனைத்தும் வந்து சேரும். இரயில்வே கேட்டுகளும் இப்படித்தான். ஆகவே பாலங்களை முதலில் குறித்து, அவற்றுக்கு இடையே சின்னச் சாலைகளைப் பின்னுவதே சரியான முறை. நடுவில் எவ்வளவு அருமையான வழி கிடைத்தாலும், ஆற்றைக் கடக்கும் இடத்தில் அது பிரதான சாலையில் கொண்டுபோய் விட்டால் பயணத்தின் தன்மையே மாறிவிடும்.

திருவையாற்றின் ஏழூர்த் திருவிழா வழி இதற்கு நல்ல பாடம். சித்திரையில் ஐயாறப்பரின் பல்லக்கு திருவையாற்றிலிருந்து புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களைச் சுற்றி மீண்டும் திருவையாறு சேர்கிறது. நெடுஞ்சாலைத் துறை என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே மக்கள் நடந்து நிலைநாட்டிய வழி அது. ஊரையும் ஊரையும் இணைக்கும் இத்தகைய பழைய வழிகள் சைக்கிளுக்கு மிகவும் ஏற்றவை என்பதால், எந்த வட்டாரத்திலும் சுவாமி ஊர்வலம் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது பயன் தரும்.

ஆனால் பல்லக்கு போகும் வழியெல்லாம் சைக்கிள் போக முடியாது. திருப்பழனத்திலிருந்து திருச்சோற்றுத்துறைக்குச் செல்ல ஆறுகளைக் கடக்க வேண்டும். பூந்துருத்தியிலிருந்து தில்லைஸ்தானம் வர மறுபடியும் காவிரியைக் கடக்க வேண்டும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழக்கமான காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்பதால், சித்திரையில் ஆறு பெரும்பாலும் வறண்டு கிடக்கும். பல்லக்கு மணலில் இறங்கிவிடும். நாம் பாலத்தைத் தேடியாக வேண்டும். நடைபாலமாயினும் சைக்கிளுக்குப் போதும் என்பதால், செயற்கைக்கோள் படத்தில் ஆற்றின் மேல் மெல்லிய கோடாகத் தெரிவதையெல்லாம் பெரிதாக்கிப் பாருங்கள். மதகுகளின் மேலும் சில இடங்களில் நடந்து கடக்கும் வழி உண்டு. எதுவும் அகப்படவில்லை என்றால், திருவையாற்றுக்கும் கண்டியூருக்கும் இடையே தஞ்சாவூர்ச் சாலையில்தான் கடக்க வேண்டியிருக்கும். அந்தத் துண்டு குறுகியது. ஆனாலும் வட்டம் முழுவதிலும் நெரிசல் மிகுந்தது அதுதான்.

சுற்றும் திசையையும் யோசிக்க வேண்டும். நாம் இடப்பக்கம் செல்பவர்கள். இடப்புறம் திரும்பும்போது எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. சுவாமி வலமாக வருகிறார். சைக்கிள்காரர் இடமாக வந்தால் பெரிய சாலைகளில் திருப்பங்கள் பெரும்பாலும் இடப்புறமாகவே அமையும். (வழியில் கோயிலுக்குள் நுழைந்தால் வலமாகவே சுற்றிக்கொள்ளலாம்.) அடுத்து, எங்கே தொடங்குவது? திருவையாற்றிலேயே தொடங்கி இடமாக வந்தால், திருப்பழனம் முதல் திருவையாறு வரையிலான பேருந்துச் சாலை கடைசியில், பள்ளி வேன்கள் ஓடும் நேரத்தில் வந்து சேரும். அதற்குப் பதிலாகத் திருப்பழனத்தில் தொடங்கினால், விடிந்ததும் அந்தச் சாலை முடிந்துவிடும். மேற்கு நோக்கிப் போவதால் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாது. அடுத்துத் தில்லைஸ்தானம், ஆற்றைக் கடந்து பூந்துருத்தி, பிறகு கண்டியூரில் தஞ்சாவூர்ச் சாலை. இவற்றை முடித்தபின், திருவேதிகுடி, திருச்சோற்றுத்துறைப் பக்கத்து வயல்வெளிச் சாலைகள் நிதானமாகப் போவதற்கென்றே மிச்சம் இருக்கும். ஒரே வழிதான், தொடங்கும் இடத்தையும் திசையையும் மாற்றியதால் அதன் ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது.

நான்காம் படி: அந்தச் சாலையில் என்ன சரக்கு போகிறது?

வரைபடம் சாலையைக் காட்டும்; அதில் போகும் சுமையைக் காட்டாது. கல்குவாரி, எம்-சாண்ட் ஆலை, செங்கல் சூளை, மணல் அள்ளும் துறை, சர்க்கரை ஆலை, பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் ஒன்று சாலையின் முனையில் இருந்தாலே அதன் குணம் மாறிவிடும். டிப்பர் லாரிக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பதால் ஓட்டுநர் அவசரத்தில் இருப்பார். கல்லூரிப் பேருந்துகள் குறித்த அரைமணி நேரத்தில் வரிசையாக வரும். வட திசையில் கொள்ளிடத்தைத் திருமானூர்ப் பாலத்தில் கடந்து அரியலூர் செல்லும் சாலையைப் பாருங்கள். அரியலூர் சிமென்ட் ஆலைகள் நிறைந்த மாவட்டம். மூட்டைகள் தெற்கே வருவதற்கு உள்ள வழிகளில் அது ஒன்று என்பதை நினைவில் வைத்தால், அந்தச் சாலையைக் குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொள்வீர்கள்.

செயற்கைக்கோள் படத்தில் சாம்பல் நிறக் குழிகள் தெரிந்தால் குவாரி. செம்மண் நிறத்தில் வரிசை வரிசையாகக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் சூளை. அருகே உள்ள சாலையின் ஓரம் வெளுத்துப் புழுதி படிந்திருந்தால், லாரி எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

படுகையில் சரக்குப் பருவத்துக்குப் பருவம் மாறும். குறுவை அறுவடையின்போது செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா, தாளடி அறுவடையின்போது ஜனவரி முதல் மார்ச் வரையிலும், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னால் டிராக்டர்களும் மூட்டை லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். மற்ற மாதங்களில் ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் அப்போது நுழைய முடியாது. விவசாயிகள் நெல்லைச் சாலையிலேயே கொட்டிக் காயவைத்து, ஓரத்தில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். பகலில் அதனால் வண்டிகள் வேகம் குறைத்து வருவது நமக்கு நன்மையே. இருட்டில் அந்தக் கற்கள் சைக்கிள்காரரைக் கவிழ்த்துவிடும். அறுவடை முடிந்த வயல்களுக்கு வாத்து மந்தைகள் வரும். சாலையை அவை கடந்து முடிக்கும் வரை காலை ஊன்றி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஐந்தாம் படி: செயலிகளை எந்த அளவுக்கு நம்புவது

கூகுள் மேப்ஸ் 2017இல் இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கென்று தனி வழிகாட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஒரே இரண்டு ஊர்களுக்குக் காருக்கான வழியையும் பைக்குக்கான வழியையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பிரியும் இடத்தில் கார் நுழையத் தயங்கும் ஒரு சாலை இருக்கிறது என்று பொருள், அதை ஆராயலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் கோமூட், பி-ரவுட்டர் போன்றவை சைக்கிளுக்கென்றே வழி தரும். ஆனால் நம் கிராமச் சாலைகளை அந்த வரைபடத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வகையில் பதிந்திருப்பதால், தார்ச்சாலை மண்பாதையாகவும் மண்பாதை தார்ச்சாலையாகவும் இருக்கக் காணலாம். செயலி தரும் வழியை ஒரு முன்வரைவாக மட்டும் கொள்ளுங்கள்.

சைக்கிள்காரர்கள் தம் ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்பவரைபடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சைக்கிள்காரர்கள் அதிகம் சென்ற சாலை அதில் பளிச்சென்று தெரியும் என்பதால் அதையே பாதுகாப்பான சாலையாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நம் ஊரில் குழுவாக வேகமாக ஓட்டுபவர்கள் வழவழப்பான தளத்தையும் அகலமான ஓரத்தையும் நாடி நெடுஞ்சாலைக்கே போகிறார்கள். ஆகவே ஒளிர்வது பெரும்பாலும் அவர்களுடைய பயிற்சிக் களம்தான். மங்கலாக, ஆனால் முறிவில்லாமல் தெரியும் கோடுகளே நமக்கு வேண்டியவை. வழி முழுவதும் தளம் ஓட்டக்கூடியது என்பதற்கு யாரோ ஒருவர் விட்டுச் சென்ற சாட்சி அது.

ஆறாம் படி: ஊராரிடம் கேட்கும் முறை

“இந்த ரோடு நல்லா இருக்குமா?” என்று கேட்டால் பயன் இல்லை. அகலமான, லாரி ஓடும் சாலையைத்தான் நல்ல ரோடு என்று காட்டுவார்கள். “சைக்கிள்லயா? உள்ள எதுக்குப் போறீங்க தம்பி, மெயின் ரோட்டுலயே போயிடுங்க” என்று அக்கறையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேள்வியைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். “இந்த வழியா டவுன் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவ வரும்ணே?”, “மணல் லாரி, ஜல்லி லாரி எதாச்சும் இந்தப் பக்கம் வருதா?”, “கரை ரோடு எதுவரைக்கும் தார் போட்டிருக்கு? மழைக்கு எங்கயாச்சும் உடைஞ்சிருக்கா?” என்பவற்றுக்கு டீக்கடையில் துல்லியமான விடை கிடைக்கும். மினி பஸ் நடத்துநர், பால் வண்டிக்காரர், தபால்காரர் ஆகியோரைப் போல வட்டாரச் சாலைகளை அறிந்தவர் வேறு இல்லை. பேருந்து நாளுக்கு நான்கைந்து நடை மட்டும் வரும் சாலை என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதன் நேரங்களையும் கேட்டுக்கொண்டால் அந்தப் பேருந்தையும் தவிர்த்துவிடலாம்.

தனியாகச் செல்லும் பெண்கள் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆற்றுக்கும் தோப்புக்கும் நடுவே வீடே இல்லாத கரைச் சாலை, போக்குவரத்தின்படி மிகப் பாதுகாப்பானதாக இருந்தாலும், துணைக்குக் கூப்பிட ஆள் இல்லாத இடம். வீடுகள் தொடர்ந்து வரும் தெருச்சாலையைத் தேர்ந்தெடுத்து, கரைச் சாலையைக் குழுவாக வரும் நாளுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

ஏழாம் படி: நேரமும் நாளும்

விடியற்காலை ஐந்தரை முதல் எட்டு வரை கிராமச் சாலைகளின் சிறந்த நேரம். எட்டிலிருந்து ஒன்பதரை வரை பள்ளி வேன்களின் ஆட்சி. அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் படுகையில் மூடுபனி இறங்கும் என்பதால், வெளுத்தபின் புறப்படுவதே முறை; பின்விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். டாஸ்மாக் கடைகள் பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும். ஊருக்கு வெளியே வயலோரம் கடை இருக்கும் சாலையில் மாலைக்குப் பின் செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் காவிரிப் படித்துறைகளுக்குச் செல்லும் சாலைகள் எல்லாம் நிரம்பிவிடும். தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபம் உள்ள சாலைகளைத் தவிருங்கள்.

எட்டாம் படி: முதல் ஓட்டம்

தாளில் முடிவான வழியை முதல் தடவை முழுவதும் ஓட்டிப் பார்க்க முயல வேண்டாம். முடிந்தால் மோட்டார் சைக்கிளில் ஒருமுறை சுற்றி வாருங்கள். இல்லையென்றால், எந்த இடத்திலிருந்தும் பத்து கிலோமீட்டருக்குள் பிரதான சாலைக்கோ இரயில் நிலையத்துக்கோ வெளியேற வழி உள்ளதா என்று பார்த்து, அந்த வழிகளையும் ஜிபிஎக்ஸ் கோப்பில் (செயலியில் ஏற்றும் வழித்தடக் கோப்பு) குறித்துக்கொள்ளுங்கள். கரையோரங்களில் கைபேசி சிக்னல் விட்டுவிட்டு வரும்; வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ள வேண்டும். 108ஐ அழைத்தால் இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், கடந்துவந்த ஊரின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டே போவது நல்ல பழக்கம்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் இருந்தால் பேருந்து வரும்போது இறங்க முடியாது. அத்தகைய சாலையை, எவ்வளவு அமைதியாக இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஊர் எல்லையில் வண்ணம் பூசாத வேகத்தடைகள் இருக்கும். கருவேல முள் வெட்டிப் போட்ட இடங்களில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பது, பஞ்சர் ஒட்டுவதைவிட விரைவானது. நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அநேகமாக அது ஆர்வம் இழந்துவிடும். ஒரே இடத்தில் மந்தையாக வந்தால் அடுத்த முறைக்கு மாற்று வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். கரைச் சாலையில் ஆற்றுப் பக்கத்துக்குத் தடுப்பு இருக்காது. அங்கே இருவர் இணையாகப் பேசிக்கொண்டு ஓட்டுவது கூடாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ, கரை வழிகளை ஒருமுறை மறுபடி பார்த்தாக வேண்டும். மழையில் கரை அரித்து, தார் மட்டும் விளிம்பில் தொங்கி நிற்கும் இடங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வயல் பக்கமோ ஆற்றுப் பக்கமோ இறங்கி, அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே அந்தத் துண்டை மீண்டும் வழியில் சேர்க்க வேண்டும்.